கவ்வாத்து வெட்டிய பேபி ஆஸ்டின்

முத்துலிங்கம் தன் வாழ்நாளில் முன்னால் போனதைவிடப் பின்னால் போனதுதான் அதிகம். கேலிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேலியும் உண்டுதான், அதைவிட உண்மை அதிகம். வட்டகொடைப் பக்கத்து நீர்ப்பாறைத் தோட்டத்தின் லொறியை அவன் பல வருஷம் ஓட்டினான். தேயிலை அரைக்கும் ஸ்டோரிலிருந்து கீழே இறங்கும் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே தோட்டத்தை நடத்தும் தொரையின் கார் ஏறி வந்தால், லொறி நிறையத் தேயிலைப் பெட்டி இருந்தாலும் சரி, மழையில் பாதை வழுக்கினாலும் சரி, ஒதுங்க இடம் கிடைக்கும்வரை மேட்டில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவன் முத்துலிங்கம்தான். அப்படி ஒரு சட்டத்தை யாரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. திரும்பிப் பார்த்துப் பார்த்து அவன் கழுத்தே வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கல்யாணப் போட்டோவில்கூடப் பின்னால் யாரோ ஹோர்ன் அடித்த மாதிரித்தான் நிற்கிறான்.

என் பெயர் ஹமீத். அண்ணன் என்ற முறையில் லிங்கம் என்னை நானா என்பான். தலவாக்கலை டவுனில் எங்களுக்கு இரும்புக் கடை. ஆணி, கம்பி, மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, லாந்தர் கண்ணாடி எல்லாம் விற்போம். லிங்கம் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கடைக்கு வருவான். வந்தவன் என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டான். கூரையில் தொங்கும் சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான், பார்த்தபடியே எங்கேயோ போய்விடுவான். இரண்டு தரம் அதட்டினால்தான் திரும்பி வருவான். பகலில் கனவு காண்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். கடை வைத்திருப்பவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனாலும் அவன் வராத நாட்களில் கடை வெறிச்சென்று இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவனுடைய ஆசை என்னவென்று ஒரு மழை நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று காலையில் காளியாயி கோயிலடியில் பாதை திரும்பும் முடக்கில் தொரைக்காக ரிவர்ஸ் எடுத்தபோது லொறியின் பின்சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டதாம். பெட்டிகளை எல்லாம் மழையில் இறக்கி, லொறியைத் தூக்கி, மறுபடியும் ஏற்றினார்களாம். இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே, "நானா, ஒருக்கா மட்டும் கீழருந்து மேல வரைக்கும் யாருக்கும் ஒதுங்காம போயிறணும்" என்றான்.

"எங்கடா போகணும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. மேலதான்."

"மேல போயி?"

"போயிட்டு வந்துறணும். அவ்வளவுதாங்க."

கடலைக் காட்டு என்று கேட்டால் கொழும்புக்கு ரயில் ஏற்றிவிடலாம். யாருக்கும் ஒதுங்காத பாதையை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது? வேலையைப் பார் என்று திட்டி அனுப்பினேன். அன்று முழுவதும் எனக்கு என்னவோ போல இருந்தது.

அவன் பிறந்தது நீர்ப்பாறையின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா அழகன் கவ்வாத்து வெட்டுகிறவர். தொரை அப்போது குதிரையில் வருவாராம். குளம்புச் சத்தம் கேட்டதுமே பாதையில் போகிறவர்கள் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கி நிற்பார்கள். குடை பிடித்திருந்தால் மடக்கிவிட வேண்டும். அந்தச் சின்ன வயதில் லிங்கம் கானை நடக்கிற பாதை என்றும், மேலே இருப்பதைத் தொரையின் வீட்டுத் திண்ணை என்றும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, பிறகு லொறியில் கிளீனர், பிறகு ஹட்டனில் லைசென்ஸ், பிறகு பக்கத்து டிவிஷனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி. அவன் சரித்திரம் அவ்வளவுதான். இப்போது டிக்கோயாப் பக்கம் வேறொரு தோட்டத்தில் லொறி ஓட்டுகிறான். அங்கே பாதை கொஞ்சம் அகலம்.

நான் சொல்ல வந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கதை. அந்த வருஷம் தோட்டத் தொரைமாரின் மோட்டார் கிளப் ஒன்று, நீர்ப்பாறைப் பாதையில் மலையேறும் கார்ப் பந்தயம் வைத்தது. கீழே பாலத்தில் புறப்பட்டு, மேலே ஸ்டோர் வாசலில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு காராக விடுவார்கள், யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பெரிய கார்களுக்கு ஆள் இருந்தது. சின்னக் கார்களின் பிரிவில் சேர ஆள் காணாது. லைசென்சும் காரும் உள்ள எவரும் வரலாம் என்று டவுனில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

நான் லிங்கத்தைக் கூட்டிப்போய் அதைப் படித்துக் காட்டினேன், வேடிக்கைக்காகத்தான். அவன் கோப்பையைப் பற்றிக் கேட்கவில்லை. பரிசு என்ன, யார் வருகிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. "அன்று காலை முதல் மாலை வரை பாதை மூடப்பட்டிருக்கும், போட்டிக் காரைத் தவிர வேறெந்த வண்டியும் பாதையில் வராது" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான்.

"பாதை மூடியிருக்குமாம் நானா."

"அதுக்கு?"

"தொரை காரும் வராதுங்களா?"

"போட்டிக் காரைத் தவிர எதுவும் வராதுன்னு போட்டிருக்கு."

அவன் முகம் அப்போது போன போக்கை நான் எப்படிச் சொல்வது? மழை விட்டதும் மலை தெரியுமே, அப்படித் தெளிந்தது. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது, ஏனென்றால் கார் ஒன்று எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருந்தது.

அது பேபி ஆஸ்டின். சுதந்திரம் வந்த வருஷம் சீமைக்குக் கப்பலேறிய ஒரு தொரையிடம் வாப்பா வாங்கியது. சின்னக் கார், பெட்ரோலை முகர்ந்து பார்த்துவிட்டே ஓடும் என்பார் வாப்பா. சில வருஷம் அதில் ஆணிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போய் வந்தார். பிறகு ஒரு நாள் இன்ஜின் இறுகி நின்றது, நின்றது நின்றதுதான். பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. லிங்கம் அதைக் கேட்டபோது, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எடுத்துத் தொலை என்று வாப்பா கொடுத்துவிட்டார். எடுத்துப் போவான் என்று நினைத்தோம். அவன் எங்கே எடுத்துப் போவான்? லயத்துக் காம்பராவிலா வைப்பான்? எங்கள் பின்புறத்திலேயே வேலையைத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். முதல் ஞாயிறு மட்காட் நான்கும் போயின. அடுத்த ஞாயிறு கால் வைத்து ஏறும் பலகை, மேற்கூடாரம், முன்கண்ணாடி. அதற்கடுத்து கதவு இரண்டும், பின் சீட்டும். கோழி எங்கே முட்டையிடுவதென்று தெரியாமல் கத்திக்கொண்டு திரிந்தது. வாப்பா தொழுதுவிட்டு வந்து பின்கதவில் நின்று பார்த்தார்.

"மகனே, நான் ஓட்டுறதுக்குக் கார் குடுத்தேனா, அறுக்குறதுக்குக் குடுத்தேனா?"

"பாரம் கொறைக்கணுங்க மொதலாளி" என்றான் லிங்கம், நிமிராமலே.

"சக்கரமாவது இருக்குமா?"

"அது இருக்கணுங்க" என்று யோசித்துச் சொன்னான். வாப்பா கேலி செய்தது அவனுக்கு உறைக்கவே இல்லை.

நாகலெட்சுமி ஒரு ஞாயிறு அவனுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். அவள் சாமானியமாகப் பேச மாட்டாள், பேசினால் அதில் ஒரு குத்து இருக்கும். காரைச் சுற்றிவந்து பார்த்தாள். எலும்புக்கூடு மாதிரி நின்றது. "கவ்வாத்து வெட்டியாச்சாக்கும்" என்றாள்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். இலை இல்லை, பச்சை இல்லை, மலையே மொட்டையாகிவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சில வாரத்தில் துளிர் வரும், பிறகு கொழுந்து எடுக்கக் கை போதாது. நாகலெட்சுமி கிண்டலாகச் சொன்னதை லிங்கம் அப்படியே பிடித்துக்கொண்டான். "அதேதான் நாகு. நம்ம அப்பா வெட்டுவாருல்ல, அந்த மாதிரி" என்றான். அதிலிருந்து எல்லோருக்கும் அது கவ்வாத்துக் கார் ஆகிவிட்டது.

வெட்டியது பாதி வேலைதான். இன்ஜினைக் கழற்றி, இறுகியதை எண்ணெயில் ஊறவைத்து விடுவித்தான். அதன் தலைப்பகுதியைக் கொஞ்சம் தேய்த்துத் தாழ்த்தினால் உள்ளே அழுத்தம் கூடும், இழுவை கூடும் என்றான். கடையில் இருந்த தடித்த கண்ணாடிப் பலகையைக் கேட்டான். அதில் உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, இன்ஜின் தலையைக் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் தேய்த்தான். தேய்ப்பான், தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் கேட்டது. உம்மா அந்தச் சத்தத்தில்தான் மத்தியானம் தூங்கப் பழகினாள். தேயிலை ஸ்டோரின் பிட்டர் கணேசமூர்த்தி, இன்ஜினின் பின்னால் சுற்றும் கனத்த இரும்புச் சக்கரத்தை ஸ்டோர்க் கடைசலில் வைத்துச் செதுக்கி மெலியவைத்துக் கொடுத்தார். ஸ்பிரிங் ஆடாமல் இருக்கத் தார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றினான். ஸ்டோரில் கழித்துப்போட்ட தோல் பட்டியால் பொனட்டைக் கட்டினான். சீட் தேயிலைப் பெட்டிப் பலகை. சாய்கிற பலகையில் தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி. என்ற தேயிலைத் தர முத்திரையும் அப்படியே இருந்தன.

"கீழ்நாட்டுக் காருக்கு விடுற பெட்ரோலு நமக்கு அதிகம் நானா" என்றான் ஒரு நாள். "இங்க காத்து மெலிசு. காத்துக்குத் தக்கன பெட்ரோலு குடுத்தா இன்ஜினுக்கு மூச்சு முட்டாது."

"பிரேக்கு?" என்றேன். பிரேக் பெயருக்குத்தான் இருந்தது.

"மேல ஏறுறதுக்கு எதுக்கு நானா பிரேக்கு?"

கார் முதன்முதலாக உயிர் பெற்ற நாளை என்னால் மறக்க முடியாது. ஆற்றோரத்துப் பந்தடிக்கும் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். காலைப் பனி புல்லைவிட்டுப் போகவில்லை. புகைக்குழாயை வெட்டிவிட்டிருந்ததால் அது போட்ட சத்தத்தில் எதிர் மலையிலிருந்த கொழுந்துக்காரிகள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். என்னையும் ஏறச் சொன்னான். எனக்குச் சீட் இல்லை. தரையில் உட்கார்ந்து, தோல் பட்டியைப் பிடித்துக்கொண்டேன். கோல் கம்பங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஈரப் புல்லில் பின்பக்கம் வழுக்கி வழுக்கிப் போனது, ஆற்றின் மேலே கிடந்த பனியும் ரயில் பாலமும் மலையும் ஒன்றன்பின் ஒன்றாக என்னைச் சுற்றி வந்தன. பட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நேராக இருந்தது.

ஆனால் மைதானம் வேறு, மலைப்பாதை வேறு. நீர்ப்பாறைப் பாதையில் ஓட்டிப் பழக அவனுக்கு வழியில்லை. தோட்டத்துப் பாதையில் லொறிக்காரன் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க முடியுமா? அதற்காக அவன் செய்த காரியத்தைத்தான் தோட்டம் முழுக்கப் பேசிச் சிரித்தது. வேலை முடிந்ததும் பாலத்துக்குப் போவான். அங்கிருந்து ஸ்டோர் வரைக்கும் நடப்பான், கைகளால் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. முடக்கு வந்தால் இடக்கை இறங்கி கியர் மாற்றும். வாய் இன்ஜின் சத்தம் போடும். பனி இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, சத்தம் மட்டும் மலையேறி வரும்.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன நாகலெட்சுமிக்குத்தான் கஷ்டம். "ஒங்க வூட்டுக்காரரு நேத்து எங்க லயத்தக் கண்டோன கியர் மாத்துனாரு நாகு" என்பார்களாம் மற்றப் பெண்கள். "எண்ணெ மாத்தலையா அவருக்கு?" என்பார்களாம். அவள் வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு உடைத்தாள். பிறகு ஒரு மாலை, என்ன நினைத்தாளோ, கொழுந்துக் கூடையை இறக்காமலே அவன் கூட நடந்தாள். கார் என்றால் அவளுக்கு இடது பக்கம்தானே சீட், அதனால் இடப்பக்கமாக நடந்தாளாம். இதை லிங்கம் எனக்குச் சொன்னபோது நான் எதையோ எடுத்து வைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"இப்ப ரெண்டாவது கியரு" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"மெதுவா போங்க, கூடை சரியுது" என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அப்படியே இரண்டு பேரும் பனிக்குள் பேசிக்கொண்டே காளியாயி கோயில் வரை போனார்களாம். அவள் அந்த முடக்கில் பயமாக இருக்கிறது என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டாளாம். கீழே ஆறும் தெரியவில்லை, மேலே ஸ்டோரும் தெரியவில்லை, அவர்கள் நின்ற அளவுக்குத்தான் உலகம் இருந்ததாம். அப்போது நிஜமாகவே ஒரு கார் வந்தது. விளக்கு தெரிவதற்கு முன்பே இருவரும் கானுக்குள் இறங்கி நின்றுவிட்டார்கள். தொரையின் கார் சேறடித்துப் போனது. அதற்குப் பிறகு மேலே ஓட்டவில்லை, வீட்டுக்கு நடந்தார்கள்.

கோப்பை வாங்கினானா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோப்பை நுவரெலியாப் பக்கத்துத் தொரை ஒருவருக்குப் போனது. அதைத் தெரிந்துகொள்ள மட்டும் இதுவரை படித்தவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

பந்தயம் சித்திரையில் வந்தது. பாலத்தடியில் கூடாரம், கொடிகள், தொப்பி போட்ட தொரைசானிமார், பளபளவென்று கார்கள். எங்கள் கவ்வாத்துக் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். பெயர் எழுதிக்கொண்டிருந்த சிங்கள மாத்தயா ஒருவர், நல்ல மனிதர், காரைப் பார்த்துவிட்டு லிங்கத்தைப் பார்த்தார். "நீ யாருடைய டிரைவர்?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க மாத்தயா. இதுக்குத்தான் டிரைவரு" என்று லிங்கம் காரைக் காட்டினான். மாத்தயா சிரித்துவிட்டு நம்பர் கொடுத்தார். சுண்ணாம்பைக் கரைத்து நானே அதைப் பொனட்டில் எழுதினேன். நம்பர் கோணலாக வந்தது.

நானும் நாகலெட்சுமியும் மேலே ஏறி, பங்களாப் பாதை வந்து சேரும் முடக்கில் நின்றோம். அங்கேதான் மேடு அதிகம், கார் நன்றாகத் தெரியும். பார்க்கத் தோட்டத்து ஆட்கள் மலைச்சரிவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஆபீஸ் கிளார்க் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்றார். பங்களாப் பக்கமிருந்து வண்டி வந்தால் மறிப்பது அவர் வேலை. பெரிய கார்கள் ஒவ்வொன்றாக ஏறிப்போயின. பிறகு சின்னக் கார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பனி மேலேயிருந்து இறங்கத் தொடங்கியது.

கீழே அந்தச் சத்தம் கேட்டது. எந்தக் காருக்கும் இல்லாத சத்தம், எனக்கும் உம்மாவுக்கும் பழகிய சத்தம். காளியாயி கோயில் முடக்கில் அவன் தெரிந்தான். பின்பக்கம் வழுக்கியது, நேராக்கினான், மறுபடி வழுக்கியது. சரிவிலிருந்த சனம் எழுந்து நின்றது. பி.ஓ.பி. பலகையில் சாய்ந்து, மடியில் பிள்ளையை வைத்திருப்பவன் போல ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டு வந்தான். அவ்வளவு அழகாக ஒருவன் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. என் கண்ணில் நீர் வந்தது, புகையால் என்று நாகலெட்சுமியிடம் சொன்னேன்.

அப்போது பங்களாப் பாதையில் ஹோர்ன் கேட்டது. தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் அந்த ஹோர்ன். பெரியதொரையின் கார். பந்தயம் முடிந்தது என்று நினைத்தாரோ, பரிசு கொடுக்கப் போகிற அவசரமோ, வேண்டுமென்று செய்யவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். தான் போகிற பாதையில் இன்னொருவர் வரக்கூடும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. கொடி பிடித்த கிளார்க் கொடியைத் தூக்கவில்லை. அதைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கானுக்குள் இறங்கினார். சரிவிலிருந்து யாரோ, பழக்கத்தில், "தொரை வர்றாரு, ஒதுங்கு" என்று குரல் கொடுத்தார்கள்.

லிங்கத்தின் கார் ஒதுங்கியது. பிரேக் இல்லாத கார் அது, எப்படி நிறுத்தினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்சக்கரம் கானுக்குள் இறங்கி, கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. பெரியதொரையின் கார் அவனைக் கடந்து மெதுவாகக் கீழே போனது. தொரை கையைத் தூக்கி நன்றிகூடச் சொன்னார்.

நான் ஓடிப்போனேன். எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். "பாதை மூடியிருக்குடா. ஒனக்காக மூடியிருக்கு. ஏன்டா ஒதுங்குன?"

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஒதுங்கல நானா. கை தானாப் போயிருச்சு" என்றான். பிறகு அழுதான். கல்யாணம் கட்டிய மனிதன், அத்தனை சனத்துக்கு முன்னால், தேயிலைப் பெட்டிப் பலகையில் உட்கார்ந்து அழுதான்.

பெயர் எழுதிய மாத்தயா கீழேயிருந்து ஜீப்பில் வந்தார். அவர் கோபம் கிளார்க்கின் மேல். பாதையில் வண்டி குறுக்கிட்டால் மறுபடி ஓட உரிமை உண்டு, அதுதான் விதி, எல்லாரும் முடித்த பிறகு இவன் திரும்ப ஓடலாம் என்றார். லிங்கம் தலையை ஆட்டினான். "வேணாங்க மாத்தயா. நா வீட்டுக்குப் போறேன். மறுபடி யாராச்சும் வந்தா மறுபடியும் ஒதுங்கிருவேன். எனக்கு என் கையைத் தெரிஞ்சு போச்சுங்க."

நாகலெட்சுமி அதுவரை மேலேயே நின்றவள் இறங்கி வந்தாள். அவனைத் தேற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கானுக்குள் இறங்கி, முன்சக்கரத்துக்குத் தோள் கொடுத்தாள். சரிவிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள், காரைத் தூக்கிப் பாதையில் வைத்தோம்.

"கீழ போங்க" என்றாள் அவனிடம். "போயி, மொதல்லருந்து வாங்க."

"வந்துட்டா, நாகு?"

"யாரும் வரமாட்டாங்க. நீங்க வாங்க."

லிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தான். கார் இன்ஜின் போடாமலே, கியர் பிடிப்பில் மெதுவாகப் பின்னோக்கி உருண்டு பனிக்குள் இறங்கியது. நாகலெட்சுமி மேலே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பங்களாப் பாதை வந்து சேரும் இடத்தில், அந்தப் பங்களாப் பாதையை மறித்து நட்ட நடுவில் போய் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, கொடியும் இல்லை. கிளார்க், "ஏய், ஏய்" என்றார். அவரை அவள் பார்க்கவே இல்லை. அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தோன்றியது, கால் வரவில்லை. டவுனில் கடை வைத்திருக்கும் எனக்கே வரவில்லை.

பனி இறங்கி அவளை இடுப்புவரை மறைத்தது. மற்றவர்கள் எல்லாரும் ஓடி முடித்தார்கள். கீழே பாலத்தில் அந்தச் சத்தம் புறப்பட்டது. அதே நேரம் பங்களாப் பக்கமிருந்தும் ஒரு கார் வந்தது. தொரைசானியின் கார். ஓட்டியது மாயாண்டி, லிங்கத்தின் கூட்டாளி, ஒரே லயத்தில் வளர்ந்தவன். ஹோர்ன் அடித்தான். அவள் நகரவில்லை. மறுபடி நீளமாக அடித்தான். முன்கம்பி அவள் சேலையைத் தொடும் தூரத்தில் காரை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

"என்னா நாகு இது? ஒதுங்கு. உள்ள அம்மா இருக்காங்க."

"இருக்கட்டும்ணே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க அங்கயே நில்லுங்க. எங்க வூட்டுக்காரரு வர்றாரு."

மாயாண்டி அவளைப் பார்த்தான். பின்சீட்டில் இருந்தவர் ஏதோ கேட்டார். கையை நீட்டி இன்ஜினை அணைத்தான். காளியாயி கோயில் முடக்கைத் தாண்டி முத்துலிங்கம் வந்தான், பாதையின் நடுவில் வந்தான், எங்களைக் கடந்து மேலே போனான்.